மைக்கில் சொன்ன சம்பளம்

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க தம்பி. எனக்கு எதிர்காத்து ஒத்துக்காது, தொண்டை கட்டிக்கிடும். தொண்டை எனக்கு முக்கியம். மாசத்துல நாலு இடத்துலயாவது பேசச் சொல்லிக் கூப்பிடுவாங்க. திருநெல்வேலி வரைக்கும்தானே? நல்லதாப் போச்சு. ஒன்னரை மணி நேரம் இருக்கு.

சங்கரன்கோவில்ல கோமதி மகால்னு கேள்விப்பட்டிருப்பீய. இல்லையா? சரி, வெளியூர்க்காரவுக. அந்தக் கல்யாண மண்டபம் நம்மளுதுதான். என் பேரு கோமதிநாயகம். மண்டப உரிமையாளர் சங்கத்துக்கு ஆறு வருசமா நான்தான் தலைவர். போட்டியில்லாமத் தேர்ந்தெடுத்தாங்க. வேற ஆளு நிக்க முன்வரல.

எனக்குக் கோவமே வராது தம்பி. வீட்டுல கேட்டுப் பாருங்க. ஆனா இந்த ஆடி மாசம் வந்துச்சு. காலேஜ் பிள்ளைங்க அஞ்சு பேரு மேல வந்துச்சு. அதைத்தான் சொல்லணும் உங்ககிட்ட. யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆறும்.

ஆடியில கல்யாணம் கிடையாது பாத்தீயளா. மண்டபம் சும்மா கிடக்கும். நான் ஆபீஸ் ரூம்ல உக்காந்து பேப்பர் வாசிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு டீச்சரம்மா அஞ்சு பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாராங்க. பிரிசில்லான்னு பேரு, நம்மூரு காலேஜ்ல பொருளாதாரம் எடுக்காங்க. அமைதியான அம்மா. அமைதியான ஆளுங்ககிட்டதான் உஷாரா இருக்கணும்னு எனக்கு அப்பத் தெரியாது.

"சார், பிள்ளைங்க ஒரு ஆராய்ச்சி பண்றாங்க. குறைந்தபட்சக் கூலி வேணுமா, வேண்டாமா, எவ்வளவு இருக்கணும்னு ஊர் முழுக்கப் பேசிக்கிட்டே இருக்காங்கல்ல, நம்ம ஊர்ல நிலைமை எப்படின்னு தெருத்தெருவாப் போயி கேக்கிறாங்க. வேலை செய்றவங்ககிட்டயும் கேக்கிறோம், வேலை குடுக்கிறவங்ககிட்டயும் கேக்கிறோம். நீங்க பெரிய முதலாளி. உங்க கருத்து வேணும்"னு சொன்னாங்க.

பெரிய முதலாளின்னு நான் சொல்லல. அவங்கதான் சொன்னாங்க.

"கேட்டு என்ன செய்யப் போறீய? புஸ்தகம் போடுவீயளா?"ன்னு கேட்டேன்.

அதுக்கு ஷமீமான்னு ஒரு பிள்ளை, கண்ணாடி போட்டிருக்கும், நோட்டும் கையுமாவே நிக்கும், அது சொல்லுச்சு: "புஸ்தகம் போட்டா யாரு சார் படிக்கா? நாங்க அதை ஓவியமா, பொம்மையா, விளையாட்டா செஞ்சு ஊருக்குக் காட்டப் போறோம். கண்காட்சி."

எனக்குப் பிடிச்சிருந்துச்சு. கலைன்னா எனக்கு உயிரு. மண்டப வாசல்ல இருக்க ரெண்டு யானையும் நான் சொல்லிச் செஞ்சதுதான்.

உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் பேசினேன் தம்பி. ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம. பிள்ளைங்க அதைப் போன்ல பதிஞ்சுக்கிட்டாங்க. மெட்ராஸ்ல உக்காந்து ஒருத்தர் இவ்வளவு குடுன்னு எழுதுதாரு, அவருக்குச் சங்கரன்கோவில் எங்க இருக்குன்னு தெரியுமா? இங்க வாடகை கம்மி, அரிசி ரேஷன்ல கிடைக்கு, பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது. பெறகு எதுக்கு அவ்வளவு சம்பளம்? ஆடியிலயும் மார்கழியிலயும் எனக்கு வரும்படி இல்ல, அதை யாரும் நினைக்கது இல்ல. இப்படி வரிசையாச் சொன்னேன்.

இசக்கிராஜ்னு ஒரு பையன், படம் வரையுதவன், பென்சிலைச் சீவிக்கிட்டே கேட்டான்: "சார், ஆடியில அவங்களுக்கும் பசிக்கும்ல?"

சின்னப்பையன். விவரம் பத்தாது. நான் பெரிசா எடுத்துக்கிடல. "தம்பி, எங்கிட்ட வேலை பாக்குதவங்க வேலைக்காரங்க இல்ல. என் குடும்பம்"ன்னேன்.

ஷமீமா எழுதிக்கிட்டே கேட்டுச்சு: "அப்போ கல்யாண வீட்டுல எல்லாரும் சேந்து சாப்பிடுவீங்களா சார்?"

"அதெப்படிம்மா? நான் முதல் பந்தி. அவங்க எல்லாப் பந்தியும் முடிஞ்ச பெறகு. மிச்சம் இருந்தா பாயசம்கூட உண்டு. குடும்பம்னா முன்னபின்ன இருக்கத்தானே செய்யும்"னு சொன்னேன். அதையும் எழுதிக்கிடுச்சு. ஒரு வார்த்தை விடாம எழுதுத பிள்ளை. நல்ல பிள்ளைன்னு நினைச்சேன்.

அடுத்து வேலையாட்கள்கிட்டப் பேசணும்னாங்க. தாராளமாப் பேசுங்க, நானும் கூட இருக்கேன்னு சொல்லி நாற்காலியைத் தூக்கிப் பாத்திரம் கழுவுத இடத்துக்கே கொண்டுபோய் உக்காந்துட்டேன். அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்லா, ஆதரவா நான் இருக்கணும்னு.

அங்க ஆறு பொம்பளைங்க, ஆவணி முகூர்த்தத்துக்காகப் பாத்திரத்தையெல்லாம் தேய்ச்சு அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. மூத்தவ மாடத்தி. பதினோரு வருசமா நம்மகிட்ட. ஐநூறு பேரு சாப்பிட்ட பாத்திரத்தைப் பந்தி முடியதுக்குள்ள பளபளன்னு அடுக்கிருவா. வாய் பேச மாட்டா. "சம்பளம் எப்படிக்கா, போதுமா?"ன்னு பிள்ளைங்க கேட்டாங்க. மாடத்தி என்னையப் பாத்தா. "மொதலாளி நல்லவக"ன்னா. மத்த அஞ்சு பேரும் அதையே சொன்னாங்க. ஆறு பேரு, ஒரே பதில். இதைவிட என்ன சாட்சி வேணும் தம்பி? நான் இசக்கிராஜைப் பாத்தேன். அவன் பென்சிலைப் பாத்தான்.

அதோட விட்டிருக்கலாம். விடல. பிள்ளைங்க மாடத்தி வீட்டுக்கே போயிட்டாங்கன்னு பெறகு கேள்விப்பட்டேன். ஒரு நா இல்ல, ரெண்டு வாரம். அவ எந்திரிக்கது, தண்ணி பிடிக்கது, நடந்து வாரது எல்லாத்தையும் கூடவே இருந்து குறிச்சிருக்காங்க. நம்ம மண்டபத்து ஆளுங்க மட்டும் இல்ல. பெட்ரோல் பங்க்ல நிக்க பொண்ணு, ஜவுளிக்கடையில சேலை விரிக்கவ, பழைய பேப்பர்க் கடையில கட்டு கட்டுதவங்க, ஆஸ்பத்திரி கூட்டுதவங்கன்னு நாப்பது பேரு. சரி, படிக்கட்டும்னு நானும் இருந்தேன்.

ஒருநா பிரிசில்லா மேடம் வந்து, "காலேஜ்ல இடம் தர யோசிக்கிறாங்க சார். கண்காட்சிய எங்க வைக்கதுன்னு தெரியல"ன்னாங்க. நான் யோசிக்கவே இல்ல. "நம்ம டைனிங் ஹால் சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கிடுங்க"ன்னுட்டேன். ஓசியிலதான். கரண்டு உட்பட.

பதிலுக்கு ஒன்னும் கேக்கல. திறப்பாளர் நான், அவ்வளவுதான். பெறகு வாசல்ல ஒரு பிளக்ஸ். அதுக்கு வாசகம் என்ன எழுதன்னு பிள்ளைங்க திணறிச்சு, நானே எழுதிக் குடுத்தேன். "தொழிலாளர் குடும்பங்களின் தந்தை, வள்ளல் கோமதிநாயகம் அவர்களே வருக." ஷமீமா அதை வாசிச்சுட்டு, "சார், இதுல ஒரு எழுத்துகூட மாத்தல, அப்படியே போட்டிருதோம்"னு சொல்லுச்சு. முகத்துல ஒரு சிரிப்பு. மரியாதையில சிரிக்குதுன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குத் திறப்பு. நல்ல கூட்டம் தம்பி. உலகம்மாள்புரத்து நகைக்கடைக்காரன் பால்ராஜ் வந்திருக்கான், அரிசி மண்டிக்காரரு வந்திருக்காரு, கவுன்சிலர் வந்திருக்காரு. லேபர் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மாகூட வந்திருந்தாங்க. வேலை பாக்குத பொம்பளைங்க பிள்ளைகுட்டியோட வந்து சுவர் ஓரமா நின்னாங்க. நான் பட்டு வேட்டி. ரிப்பன் வெட்டிட்டு இருபது நிமிசம் பேசினேன். உழைப்பைப் பத்தி. ரெண்டு இடத்துல எனக்கே கண்ணு கலங்கிச்சு.

உள்ள போனா, நம்ம சாப்பாட்டு மேசை எல்லாத்துலயும் வரிசையா வாழை இலை போட்டிருக்கு. நிஜ இலை இல்ல, துணியில வரைஞ்சது. நாப்பது இலை. ஒவ்வொரு இலையும் ஒரு ஆளோட மாசச் சம்பளம். வாடகைக்கு ஒரு கரண்டி, மருந்துக்கு ஒரு கரண்டி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கரண்டி, வட்டிக்கு மூணு கரண்டின்னு பரிமாறி வரைஞ்சிருக்கான் இசக்கிராஜ். இலை ஓரத்துல, எத்தனாம் தேதியோட இலை காலியாச்சுன்னு போட்டிருக்கு. பதினேழு, இருவது, பதினாலு. பேரு கிடையாது. அந்தந்த ஆளோட உள்ளங்கையைச் சாயத்துல தொட்டுப் பதிச்சிருக்கு. பால்ராஜ் ஒரு இலைகிட்ட ரொம்ப நேரம் நின்னான். என்னன்னு பாத்தேன். பாயசம் ஊத்துத இடம் வெறுமையா இருந்துச்சு. அவன் சாப்பாட்டு ராமன், அதைத்தான் பாத்திருப்பான்.

மூலையில ஒரு ஸ்பீக்கர் பெட்டியில என் பேச்சு ஓடுது. அந்த ரெண்டு மணி நேரப் பேச்சும், ஒரு வரி வெட்டாம. "முதலாளி தரப்பு"ன்னு எழுதி வச்சிருக்காங்க. என் தரப்பையும் நேர்மையா வச்சிருக்காங்களேன்னு எனக்குச் சந்தோசம். அங்கதான் ஏகப்பட்ட கூட்டம். கேட்டுட்டு ஜனங்க அப்படிச் சிரிக்குது. எனக்கு இவ்வளவு நகைச்சுவை வரும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இனிமேதான் விசயமே இருக்கு.

ஹாலோட கடைசியில ஒரு மொய் மேசை. கல்யாண வீட்டுல இருக்குமே, அதே மாதிரி. நோட்டு, பேனா, தாம்பாளத்துல வெத்தலை, பக்கத்துல மைக். ஷமீமா உக்காந்திருக்கு. என்னன்னு கேட்டா, "இது கூலி மொய் சார். காதுல இதை மாட்டிக்கிட்டு ஒரு ஆளோட ஒரு நாள் வேலையைக் கேளுங்க. யாரு, எந்த இடம்னு சொல்ல மாட்டோம். கேட்டுட்டு, இந்த வேலைக்கு மாசம் எவ்வளவு குடுத்தா நியாயம்னு உங்க மனசுல படுதோ அதை எழுதுங்க. மைக்ல வாசிப்போம். பெறகு ஒரு கவர் தருவோம். நிஜமா அவங்களுக்கு என்ன கிடைக்குன்னு அதுல இருக்கும்"னு சொல்லுச்சு.

பால்ராஜ் முந்திக்கிட்டான். அவன் எல்லாத்துலயும் முந்துவான். ஏதோ ஒரு கடையில நாள் பூரா நிக்க பொண்ணோட கதையைக் கேட்டுட்டு எழுதினான். மைக்ல சொல்லுதாங்க: "நகைக்கடை பால்ராஜ் அண்ணாச்சி, மாசம் பதினஞ்சாயிரம்." ஜனங்க கை தட்டுது. பால்ராஜ் ஒரு கும்பிடு போட்டுட்டுக் கவரைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டான், பிரிக்கல. அவன் புத்திசாலின்னு இப்பச் சொல்லுதேன். அப்பச் சொல்லல.

நான் திறப்பாளர். அவனுக்குக் கீழ எழுத முடியுமா?

காதுல மாட்டினேன். ஒரு பொம்பளை ஆளோட ஒரு நா. குரல் ஷமீமாவோடதுதான். விடியதுக்கு முன்ன மூணு கிலோமீட்டர் நடை. பாத்திரம், பாத்திரம், பாத்திரம். சோப்புத்தண்ணியில கை வெந்து விரல் நகம் கழண்டு விழுது. எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பெறகு ஆறிப்போன சோறு. பதினோரு வருசம் ஆச்சு, முதலாளி இன்னும் பேர் சொல்லிக் கூப்பிடல, "ஏ பிள்ளே"ன்னுதான் கூப்பிடுவாரு. இப்படிப் போகுது. துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டேன் தம்பி. சத்தியமா. நமக்கு இளகின மனசு.

திரும்பி, "ஏ பிள்ளே, ஒரு டம்ளர் தண்ணி கொண்டா"ன்னேன். மாடத்திதான் கொண்டாந்து குடுத்தா. பக்கத்துலயே நின்னா. தண்ணியைக் குடிச்சிட்டு நோட்டுல எழுதினேன். பதினெட்டாயிரம்.

"வள்ளல் கோமதிநாயகம் அண்ணாச்சி, மாசம் பதினெட்டாயிரம்"னு மைக்ல சொன்னாங்க. கைதட்டல் அடங்க ஒரு நிமிசம் ஆச்சு. பால்ராஜ் முகம் போன போக்கைப் பாக்கணுமே.

அதோட நான் கும்பிடு போட்டுட்டு நகந்திருக்கணும். ஷமீமா கவரைக் குடுத்துட்டு மெதுவாச் சொல்லவும் செஞ்சுது. "சார், இதைத் தனியாப் போயி பிரிச்சுப் பாருங்க." நான் கேக்கல. எனக்கு உள்ள கொதிக்குது. நகம் கழண்டு விழுத பொம்பளையைப் பேரு சொல்லிக் கூப்பிடாத முதலாளி எவன்னு தெரியணும்லா? "மைக்கைக் குடும்மா"ன்னு வாங்கினேன்.

"பெரியோர்களே, இந்த அம்மாவுக்கு என்ன சம்பளம் கிடைக்குன்னு இப்ப நானே வாசிக்கேன். அந்தப் படுபாவி இந்தக் கூட்டத்துல இருந்தாலும் இருப்பான். அவன் நாண்டுக்கிட்டுச் சாகட்டும்"னு சொன்னேன். ஹால் பூரா ஸ்பீக்கர் வச்சிருக்கு, வாசல் யானை வரைக்கும் கேட்டிருக்கும்.

கவரைப் பிரிச்சேன். "மாசம் எட்டாயிரத்து இருநூறு"ன்னு வாசிச்சேன். ஜனங்க உச்சுக் கொட்டுது. "சட்டப்படி குடுக்க வேண்டியதைவிடக் குறைவு"ன்னு வாசிச்சேன். "இடம்"னு வாசிச்சேன்.

அதுக்குக் கீழ என்ன எழுதியிருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்த நிமிசம்தான் தெரியும்.

"கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்"னு மைக்ல சொன்னேன். கண்ணாடி மூக்குலதான் இருந்துச்சு. லேபர் ஆபீஸ் அம்மா எந்திரிச்சு, "குடுங்க சார், நான் வாசிக்கேன்"னு கையை நீட்டினாங்க. அரசாங்க ஆளு கேட்டா குடுக்கத்தானே செய்யணும். வாசிச்சாங்க.

ஒருத்தரும் சிரிக்கல தம்பி. சிரிச்சிருந்தா சமாளிச்சிருப்பேன். மாடத்தி மட்டும் மேசையில நான் வச்ச டம்ளரை எடுத்துக்கிட்டு, "இன்னும் தண்ணி வேணுமா மொதலாளி?"ன்னு கேட்டா.

மறுநா ஷமீமாவையும் டீச்சரம்மாவையும் கூப்பிட்டு விட்டேன். "ஓசியில இடம் குடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா? யார் யாரு கதையோ இருக்க, எனக்குன்னு அதை எடுத்து வச்சிருக்கீய"ன்னு கேட்டேன்.

டீச்சரம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஷமீமாதான் சொல்லுச்சு: "சார், நாங்க இடத்தோட பேரே வேண்டாம்னுதான் சொன்னோம். அவங்க வேலை போயிருமேன்னு பயந்தோம். மாடத்தியக்காதான் 'எழுதுங்க. திறப்பு விழாவுக்கு அவக வருவாகல்ல, என் கதையை அவக காதுலதான் போடணும்'னு சொன்னாங்க. நீங்க மைக் கேப்பீங்கன்னும் சொன்னாங்க. அதை மட்டும் நாங்க நம்பல."

வாயே பேசாத பொம்பளை தம்பி. பிள்ளைங்க கெடுத்துட்டாங்கன்னுதான் நான் இன்னிக்கும் சொல்லுதேன்.

ஊர்ல நடமாட முடியல. டீக்கடைக்குப் போனா, "பதினெட்டாயிரத்தாருக்கு ஒரு டீ"ங்கான். மண்டபம் பதிய வாரவங்க, பந்தல் எப்படி, தண்ணி எப்படின்னு கேக்கதை விட்டுட்டு, "அந்த அம்மாவுக்குக் குடுத்தாச்சா?"ன்னு கேக்காங்க. வீட்டுக்கு வந்தா என் வீட்டுக்காரி, ஆதிலட்சுமி, தட்டை வச்சுட்டு எதிர்ல உக்காந்து சிரிக்கா. "இத்தன வருசமா உங்க பேச்சைக் கேட்டு நான் அழுதிருக்கேன். இப்பத்தான் அதுக்கு ஒரு பிரயோசனம் வந்திருக்கு"ங்கா.

நான் மாடத்தியை வேலையை விட்டு நிறுத்தல. நல்லாக் கேட்டுக்கிடுங்க. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல. கூப்பிட்டு உக்காரவச்சு ஒரு யோசனை சொன்னேன். "உன்னைய சூப்பர்வைசர்னு போட்டுருதேன். பேட்ஜ் குத்திக்க. ஆவணி முதல் கல்யாணத்துல மேடையில வச்சுப் பொன்னாடையும் போத்துதேன்."

"பொன்னாடையை வச்சு நான் பாத்திரமா துடைக்க?"ன்னு கேட்டா.

"பெறகு என்னதான் வேணும்? பதினெட்டா? அது மேடைப் பேச்சு பிள்ளே. அதையெல்லாம் எடுத்துக்கிடக் கூடாது."

"பதினெட்டு நீங்க சொன்னது மொதலாளி. நான் கேக்கல. சட்டத்துல உள்ளதைக் குடுங்க. ஆறு பேருக்கும். தாள்ல எழுதிக் குடுங்க. வாரத்துல ஒரு நா லீவு. சோறு சூடா இருக்கும்போது சோறு."

"யோசிச்சுச் சொல்லுதேன்"னேன். யோசிக்கவும் செஞ்சேன். ஆவணி பிறந்திருச்சு, நான் அப்பவும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

ஆவணி முதல் முகூர்த்தம். களக்குடி பார்ட்டி, எழுநூறு பேரு. காலையில வந்து பாத்தா பாத்திரம் கழுவுத இடத்துல ஒரு ஈ காக்கா இல்ல. ஆறு பேருக்கும் ஒரே நாள்ல வீட்டுல விசேசமாம். வேலைநிறுத்தம்னு ஒருத்தியும் சொல்லல. சொன்னாலாவது சங்கத் தலைவர்ங்கிற முறையில பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருப்பேன். காதுகுத்துன்னா என்ன சொல்லது?

வேற ஊர்ல இருந்து நாலு பொம்பளைங்களை வேன் வச்சுக் கூட்டிட்டு வரச் சொன்னேன். வந்தாங்க. பாத்திரத்தைப் பாத்தாங்க. "எவ்வளவு குடுப்பீய?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். அதே வேன்ல ஏறிட்டாங்க.

முதல் பந்திக்கு மணி ஆச்சு. நான் டைனிங் ஹால்ல நுழைஞ்சா, முதல் வரிசையில என் இடத்துக்குப் பக்கத்து இலையில மாடத்தி உக்காந்திருக்கா. சிவப்புக்கரைச் சேலை, தலையில பூ. கல்யாணப் பொண்ணோட அம்மா கண்காட்சிக்கு வந்திருந்தவங்களாம், அவளுக்குப் பத்திரிகை வச்சுக் கூப்பிட்டிருக்காங்க. விருந்தாளியை எந்திரின்னு சொல்ல முடியுமா தம்பி? பக்கத்துல உக்காந்தேன். அவ நிதானமாச் சாப்பிடுதா. சாம்பாருக்கு ஒருதரம், ரசத்துக்கு ஒருதரம், மோருக்கு ஒருதரம். "பாயசம் நல்லா இருக்கு. பதினோரு வருசத்துல சூடாக் குடிச்சது இல்ல"ன்னா. இன்னொரு தரம் ஊத்தச் சொன்னா.

அந்த நேரத்துல சமையல் மாஸ்டர் வந்து என் காதுல சொல்லுதாரு: "அண்ணாச்சி, ரெண்டாம் பந்திக்கு வாளி இல்ல, கரண்டி இல்ல, எல்லாம் எச்சிலாக் கிடக்கு."

நான் என்ன செய்ய? பின்னால போயி பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் குத்தவச்சு உக்காந்தேன். அண்டா ஒன்னு, சருவம் ரெண்டு, வாளி பத்துப் பன்னண்டு, கரண்டி எவ்வளவுன்னு தெரியாது. ஒரு அண்டாவைக் கவுத்துப்போட்டுத் தேய்க்கதுக்குள்ள இடுப்பு நாரிக்குள்ள மின்னல் வெட்டுது. சோப்புத்தண்ணி கண்ணுல போச்சு, விரல் இடுக்குல அரிப்பு. ரெண்டாம் பந்தி முக்கால் மணி நேரம் லேட்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு என்னைத் தேடிப் பின்னால வந்து, நான்னு தெரியாம, "ஏ, தண்ணி எங்கப்பா? ஓனரை எங்க?"ன்னு கேக்காரு. "இப்பத்தான் வெளிய போனாரு"ன்னுட்டேன்.

நிமிந்து பாத்தா மாடத்தி வெத்தலை போட்டுக்கிட்டு வாசப்படியில நிக்கா. கொஞ்ச நேரம் நான் தேய்க்கதைப் பாத்தா.

"அடியில இன்னும் பிடிச்சிருக்கு மொதலாளி"ன்னா.

அவ சொன்னது சரிதான். பிடிச்சுத்தான் இருந்துச்சு.

"ஏ பிள்ளே"ன்னு ஆரம்பிச்சேன். நிறுத்திட்டு, "மாடத்தி"ன்னேன். "தாளும் பேனாவும் ஆபீஸ் மேசையில இருக்கு. எடுத்துட்டு வா. கையெழுத்துப் போடுதேன்."

எடுத்துட்டு வந்தா. கையை வேட்டியில துடைச்சுட்டு அங்கேயே உக்காந்து எழுதிக் குடுத்தேன். சட்டத்துல உள்ளது எவ்வளவோ அதுக்கு மேல ஐநூறு. ஏன் தெரியுமா? சட்டத்துல உள்ளதை மட்டும் குடுத்தா, சட்டத்துக்குப் பயந்து குடுத்தேன்னு ஆயிரும். ஐநூறு கூடக் குடுத்தா, நானாக் குடுத்தது. பிள்ளைங்க சொல்லியோ, லேபர் ஆபீஸ் அம்மா சொல்லியோ, வேற யாரு சொல்லியோ இல்ல. இது என் சொந்த முடிவு. நீங்களே கேட்டீயள்லா, வேற ஏதாவது காரணம் தெரியுதா?

தாளை வாசிச்சுப் பாத்துட்டு மடிச்சு முந்தியில முடிஞ்சா. பெறகு ஒரு போன் போட்டா. கால் மணி நேரத்துல அஞ்சு பேரும் வந்து நிக்காங்க. காதுகுத்து அதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்.

இப்ப மூணு மாசம் ஆகுது. நான் ஒன்னும் நொடிச்சுப்போகல. அதையும் சொல்லணும்லா. போன வருசம் ரெண்டு வாளி, ஒரு அண்டா காணாமப் போச்சு. இந்த வருசம் ஒரு கரண்டி போகல. நிர்வாகம் நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்கும்.

ஆனா சங்கத்துல எம்மேல காய்ச்சல். தென்காசிக்காரரு போன் பண்ணி, "நீரு சம்பளத்தை ஏத்தினதால எங்க ஆளுங்களும் கேக்காங்க, தலைவரா இருக்க லாயக்கு இல்ல"ங்காரு. அம்பாசமுத்திரத்துக்காரரு அதுக்கு மேல பேசுதாரு. நானும் யோசிச்சேன். ஊர் முன்னால அவ்வளவு பெரிய குழியில நான் மட்டும் தனியா விழுந்து கிடக்கது எனக்கு நியாயமாப் படல.

இன்னிக்கு நெல்லையில சங்கத்தோட வருசக் கூட்டம். அதுக்குத்தான் போறேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்ன மாணவர் கலை நிகழ்ச்சின்னு அழைப்பிதழ்ல போட்டுட்டேன். பிள்ளைங்க வாராங்க. நாலு ஊரு மண்டபத்துல போயி ஆளுங்ககிட்டக் கேட்டு, புதுசா எல்லாம் பதிஞ்சு வச்சிருக்காங்க. அந்தத் துணி இலையெல்லாம் கசங்கக் கூடாதுன்னு என் காரை அவங்களுக்குக் குடுத்திட்டேன். முன் சீட்டுல மாடத்தி. அதான் நான் பஸ்ல.

தென்காசிக்காரருக்கு நேத்தே போன் பண்ணிட்டேன். "அண்ணாச்சி, மொய் மாதிரி ஒரு விளையாட்டு இருக்கு, அம்பாசமுத்திரத்துக்காரரு இருவது எழுதப் போறாராம், நீங்க விட்டுக்குடுக்காதீங்க"ன்னேன். அம்பாசமுத்திரத்துக்காரருக்கும் போன் பண்ணி, தென்காசிக்காரரு இருவத்திரெண்டு எழுதப் போறாருன்னு சொன்னேன். மைக்கை நல்லா சத்தம் கூட்டி வைக்கச் சொல்லியிருக்கேன். வாசல் கேட்டுக்கு வெளிய ஒரு ஸ்பீக்கர் உண்டு.

நான் பேசிக்கிட்டே வாரேன், உங்களை ஒன்னுமே கேக்கல பாருங்க. தம்பிக்கு என்ன தொழில்?

பேக்கரியா? சொந்தமாவா? நல்லது, நல்லது. எத்தனை பேரு வேலை பாக்காங்க?

ஏழு பேரா. நல்லாத்தான் வச்சிருப்பீய அவங்களை. முகத்தைப் பாத்தாலே தெரியுது, இளகின மனசு. இந்தாங்க, எங்கிட்ட ஒரு அழைப்பிதழ் மிச்சம் இருக்கு. சாப்பாடு உண்டு. மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா என்ன? வாங்க, கூட்டிட்டுப் போறேன். மைக்ல உங்க பேரைச் சொல்லச் சொல்லுதேன்.